பின்வாசல் வெளிச்சத்தில் அக்கா

இதை எழுத ஏழு வருடம் தயங்கினேன். பட்டர்வொர்த்தில் எங்கள் கோயில் பங்கில் ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் என்று எது நடந்தாலும் கேமராவோடு ஓரமாக நிற்பவன் நான்தான். கூலி வாங்குவதில்லை. அதனால் பலரும் உரிமையோடு கேட்பார்கள்: "அந்தோணி அண்ணே, நீங்க எடுத்தா மட்டும் முகம் நல்லா வருது. எப்படின்னு நாலு வரி எழுதிக் குடுங்களேன், கோயில் இதழ்ல போடலாம்." நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்தவன், அதற்கு மேல் மூன்று வருடம் டவுன் பள்ளியில் பெஞ்சு தேய்த்தவன். எழுத வராது என்று சொல்லித் தப்பித்து வந்தேன். உண்மைக் காரணம் வேறு. வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, செமிலிங்கில் என் அக்கா வீட்டில் இரண்டு நாளில் தெரிந்துகொண்டது. அந்த இரண்டு நாளை எழுதினால், அதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டும்.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா குருண் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். அவருக்கு இருந்த ஒரே நல்ல படம், தோட்டத்து மாதா கோயில் திருநாளில் எடுத்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் என் அக்கா ஞானம், அவர் தோளில் கை வைத்து நிற்பாள். அடுத்த வருடம் அக்கா, செமிலிங் தோட்டத்து வீரையாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் இந்து. கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. அதன் பிறகு அப்பா அவள் பேரை எடுக்கவேயில்லை. இரண்டு வருடத்தில் அப்பா இறந்தார். சவப்பெட்டிக்கு முன்னால் தூக்கிப் போக ஒரு படம் வேண்டும், அது ஒற்றை ஆளாக இருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் கத்தரிக்கோலை எடுத்து அக்காவை வெட்டினேன். அப்பாவின் தோள் போய்விடக்கூடாது என்று ஒட்டி வெட்டியதில், அக்காவின் நான்கு விரல்கள் அவர் தோளிலேயே தங்கிவிட்டன. குருண் டவுன் ஸ்டுடியோவில் அதை அப்படியே பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். இறந்தோர் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பிள்ளைகள் கேட்பார்கள், "அது யாரு விரல்ப்பா?" ஸ்டுடியோக்காரன் தப்பு என்று சொல்லி வந்தேன்.

அம்மாவும் போன பிறகு அக்கா வீட்டோடு போக்குவரத்து உண்டாயிற்று. தீபாவளிக்கு நான் குடும்பத்தோடு போவேன். கிறிஸ்மசுக்கு அவள் மகள் தேவியிடம் முறுக்கு கொடுத்தனுப்புவாள். அவள் மட்டும் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கேட்டால் கால் வலி என்பாள். நானும் நம்பினேன், நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஒரு நாள் தேவி போன் செய்தாள். "மாமா, அம்மாவுக்கு டயாலிசிஸ் வாரம் மூணு தடவ ஆயிருச்சு. இதயமும் வீக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல ஒரு படம் இல்ல மாமா. என் கல்யாண ஆல்பத்துல எங்க பார்த்தாலும் இருக்காங்க, எல்லாத்துலயும் தட்டத் தூக்கி மூஞ்ச மறச்சிக்கிட்டு. அடையாளக் கார்டு படம் ஒன்னுதான். நீங்க வந்து ஒன்னு எடுத்துக் குடுங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு, காலை 9.20. விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு, பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினேன். சுங்கை பட்டாணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் நான்கு வெள்ளி, அதாவது ரிங்கிட். தோள் பையில் கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, ஒரு மாற்றுச் சட்டை, செபமாலை. தாசெக் குளுகோர் தாண்டியதும் வயல் தொடங்கியது. கண்ணாடி வழியாகப் படம் எடுத்தேன். வயலுக்கு நடுவில் என் மூக்கும் சட்டைப் பொத்தானும் விழுந்திருந்தன. வெளியே உள்ளதைக் கண்ணாடி வழியாக எடுக்க வேண்டுமானால் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், நமக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கக் கூடாது. இதையே பத்துப் படம் கெட்ட பிறகுதான் நான் கற்றேன். மூடா ஆற்றைக் கடந்தால் கெடா. இடது பக்கம் ஜெராய் மலை, இடுப்பு வரை மேகம் கட்டிக்கொண்டு நின்றது.

10.05. சுங்கை பட்டாணி நிலையத்தில் இருந்து செமிலிங்குக்குப் பஸ் பார்த்து நிற்கப் பொறுமை இல்லை. கைப்பேசியில் வாடகைக் கார் அழைத்தேன். இருபத்திரண்டு வெள்ளி காட்டியது. ஓட்டி வந்தது முப்பது வயதுத் தமிழ்ப் பெண்.

"தோட்டத்துக்குள்ளயா அங்கிள்? உள்ள ரோட்டுல குழி, லோபாங் நெறைய. என் காரு, இந்தக் கிரேத்தா, ரொம்ப தாழ்வு லா."

"வாசல் வரைக்கும் வேணாம்மா. கோயில் முச்சந்தியில விட்ரு, நடந்துக்கிறேன்."

பின்கண்ணாடியில் என் பையைப் பார்த்தாள். "கேமராவா? இப்ப எல்லாம் போனுலயே எடுக்கலாமே அங்கிள்."

"போன தூக்கினா எங்க அக்கா தட்டத் தூக்கிருவாங்க."

அவள் சிரித்தாள். "என் கல்யாணத்துல தட்டாவது தூக்கியிருக்கலாம். படம் புடிச்சவரு மூஞ்சிக்கு நேரா லைட்ட அடிச்சு அடிச்சு, மாப்பிள்ளையும் நானும் மாவுல பொரட்டி எடுத்த மாதிரி இருக்கோம். எங்க அத்த கேட்டாங்க, பொண்ணுக்கு மூக்கு இருக்கா இல்லையான்னு."

பீடோங் தாண்டி இடது பக்கம் திரும்பினோம். நேராக முகத்தில் அடிக்கும் வெளிச்சம் மூக்கையும் கன்னத்தையும் சமமாக்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது கைக்கு வர நேரம் எடுக்கிறது. முச்சந்தியில் இறக்கிவிட்டுச் சொன்னாள், "அங்கிள், அக்காவ நல்லா எடுங்க. மூக்கோட எடுங்க."

10.50. தோட்டத்தில் பாதிக்கு மேல் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அக்கா வீடு இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மட்டும் பழைய ரப்பர்ப் பால் மரங்கள் முப்பது நாற்பது நிற்கின்றன. அக்கா முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, இடது கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"என்னடா பையி? எனக்குப் பலகாரமா?"

"கேமராக்கா."

"ஓ. எமன் வரதுக்கு முன்னாடி நீ வந்துட்டியா."

"சும்மா பழகத்தான்க்கா. கோயில்ல குடும்பப் படம் எல்லாம் எடுக்கச் சொல்றாங்க."

"பட்டர்வொர்த்துல மனுசங்க இல்ல, இங்க பழக வந்திருக்க."

வீரையா மச்சான் உள்ளேயிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க கேமராக்காரரே. என்னய வேணும்னா எடுங்க. நான் அழகன்."

பொய் சொல்லித் தொடங்கினேன். அந்தப் பொய்யை அவள் ஒரு பார்வையில் அளந்துவிட்டாள் என்று எனக்கே தெரிந்தது.

12.15. மச்சானை வைத்துத் தொடங்கினால் அக்காவும் வருவாள் என்று கணக்குப் போட்டேன். வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். உச்சி வெயில். புருவத்துக்குக் கீழே கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. தலைக்கு நேர் பின்னால் கொடிக்கம்பம், தலையில் முளைத்தது போல. செம்பனை நிழலுக்குக் கூட்டிப் போனேன். ஓலை இடுக்கு வழியாக வெயில் ஒழுகி, கன்னத்தில் தேமல் போலப் புள்ளி புள்ளியாக விழுந்தது. தேவி எட்டிப் பார்த்து, "அப்பா அம்மை போட்டவரு மாதிரி இருக்காரு மாமா" என்றாள். அக்கா சிரித்தாள். ஆனால் நாற்காலியை விட்டு அசையவில்லை.

நண்பகல் வெயிலில் யாரையும் நிற்க வைத்து எடுக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் முழு நிழலுக்கு, சுவர் ஓரத்துக்குக் கொண்டு போங்கள். பாதி நிழல், பாதி வெயில் வேண்டாம். ஆள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், அவர் தலைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்றும் பாருங்கள்.

2.30. சாப்பாடு முடிந்து வீட்டுக்குள் முயற்சி செய்தேன். தேவியைச் சாமிப் படங்களுக்கு முன் நிறுத்தி ஃப்ளாஷ் அடித்தேன். முருகன் படத்துக் கண்ணாடியில் ஃப்ளாஷ் வெடித்து, தேவி முகம் எண்ணெய் வடிந்து, பின்னால் கூடம் குகையாகத் தெரிந்தது. ஃப்ளாஷை அணைத்து ஜன்னலுக்கு முன் நிறுத்தினேன். வெளியே மரம் தெளிவாக வந்தது, தேவி கரியாகிவிட்டாள். ஜன்னல் அவளுக்குப் பின்னால் இருந்தால் கேமரா ஜன்னலைத்தான் பார்க்கும். இதெல்லாம் நான் பங்கில் பல தடவை செய்து திட்டு வாங்கிய தப்புகள். அக்கா முன்னால் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

5.10. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயங்கால வெயில் கூடத்து வாசல் வழியாக நுழைந்து, தரையில் பட்டு, அவள் முகத்தில் கீழேயிருந்து மெதுவாக ஏறியிருந்தது. மிக அழகான வெளிச்சம். நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து, கேமராவைத் தூக்கி அழுத்தினேன். அந்தச் சின்னச் சத்தம் போதும். கீரைத் தட்டு அவள் முகத்துக்கு வந்துவிட்டது.

தட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "திருட்டுப் படம் எடுக்காதடா அந்தோணி."

நான் கேமராவைக் கீழே இறக்கினேன். அவள் தட்டை இறக்கவில்லை.

"எதுக்கு எடுக்க வந்தன்னு எனக்குத் தெரியும். பெட்டிக்கு முன்னாடி தூக்கிட்டுப் போக."

"அக்கா..."

"அப்பா செத்த அன்னைக்கு நான் வந்தேன், தெரியுமா உனக்கு?"

"வரலைன்னு சொன்னாங்கக்கா."

"உள்ள வரல. ரோட்டுக்கு அந்தாண்ட, ரம்புத்தான் மரத்துகிட்ட நின்னேன். பெட்டிக்கு முன்னாடி ஒருத்தன் படத்த நெஞ்சோட வச்சிக்கிட்டு நடந்தான். நீதான். என்ன படம்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு நான்தானே புதுச் சேலை கட்டிக்கிட்டு நின்னேன். அப்பா தோளுல என் வெரல் இருந்துச்சு. நான் இல்ல."

தட்டை இறக்கினாள். கண்ணில் நீர் இல்லை. "அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் நான் நிக்கிறதில்ல. நின்னா யாராவது வெட்டுவான்."

உப்புப் போட்ட புழுப் போல நான் சுருங்கிப் போனேன். தரையில் உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் பாவசங்கீர்த்தனத்தில் கூட அந்த வெட்டுக்காக ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"மன்னிப்பெல்லாம் உங்க சாமியார்கிட்ட கேளு. எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு. வெட்டின என் பாதி எங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அதை விட்டுவிட்டேன். "அடுப்புல போட்டேன்க்கா."

அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்து நுனியைக் கிள்ளினாள். அவளுடைய இளவயது முகம் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீதி இருப்பது என் வீட்டுக் கூடத்தில் அந்த நான்கு விரல்கள்தான். பிறகு எழுந்து கீரையைக் கழுவினாள். ஏழு மணிக்கு அவள் முருகனுக்கு விளக்கு வைத்தாள். நான் கூடத்து மூலையில் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னேன். மூன்றாவது பத்து மணியில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவள் வந்து என் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

படுக்கப் போகும் முன் சொன்னாள், "காலையில ஏழரைக்குப் பின்வாசல்ல வெளிச்சம் வரும். அப்ப எடு."

திங்கள், காலை 7.30. பின்வாசல் கிழக்கைப் பார்த்தது. கால்வாய்க்கு அப்பால் பால் மரங்கள். சூரியன் அந்த மரங்களின் நிரைகளுக்கு நடுவே ஏறி, அடுப்படிக்குள் பாய்போல் விழுந்தது. அக்கா குளித்து, நீலச் சேலை கட்டி, பொட்டு வைத்து வந்து நின்றாள். நான் வெளிச்சம் முழுவதும் முகத்தில் விழட்டும் என்று வாசலை நேரே பார்த்து உட்காரச் சொன்னேன்.

"நேரா வேணாம்டா."

"ஏன்க்கா?"

"எத்தன வருசம் மரம் வெட்டினேன். இருட்டுல நெத்தி வெளக்க நேரா அடிச்சா, பட்டை சொவரு மாதிரி தெரியும். கோடே தெரியாது. தலைய ஒரு பக்கமாத் திருப்பி, வெளக்க ஓரமா அடிக்கணும். அப்பத்தான் நேத்து வெட்டு எங்க நின்னுச்சுன்னு தெரியும், இன்னைக்கு எங்க கத்தி வைக்கணும்னு தெரியும். நேரா அடிச்சவன் எல்லாம் மரத்தக் காயப்படுத்துவான். வேலைய மேற்பார்க்கிற மண்டோர்கிட்ட ஏச்சு வாங்குவான்."

சொல்லிக்கொண்டே வாசலுக்குப் பக்கவாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் பட்டு, மூக்கின் ஓரம் வழியாக மெல்ல அந்தப் பக்கம் இறங்கியது. நெற்றியின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. வீக்கம் தெரியவில்லை. வயது தெரிந்தது, எங்கள் அம்மாவின் தாடை தெரிந்தது. இத்தனை வருடம் நான் படம் எடுத்திருக்கிறேன், ஒரு முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

வலது கன்னம் மட்டும் இருட்டில் கிடந்தது. வெளுத்த துணி ஏதாவது இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கலாம். கொடியில் காய்ந்த மச்சானின் வேட்டியை எடுத்து, இரண்டு முனையையும் அவரையே பிடிக்கச் சொல்லி அந்தப் பக்கம் நிற்க வைத்தேன்.

"நல்ல வேளை, கொடியில இருந்தத எடுத்தீங்க மச்சான்" என்றார். அக்கா, "சும்மா ஆடாம நில்லுங்க" என்று அதட்டினாள். வேட்டியில் பட்ட வெளிச்சம் அவள் வலது கண்ணில் ஒரு பொட்டு வெள்ளையாக விழுந்தது. கண் உயிர் பெற்றது.

பின்னால் கேஸ் தோம்பு என்னும் சிலிண்டரும் நாள்காட்டியும் தெரிந்தன. கேமராவை இரண்டடி நகர்த்தினேன். இப்போது வெறும் பலகைச் சுவர். என் உயரத்தில் இருந்து எடுத்தால் அவள் குனிந்து ஒடுங்கித் தெரிவாள். அதனால் ஸ்டாண்டைக் குறுக்கி, கேமராவை அவள் கண் உயரத்துக்கு இறக்கினேன். அவள் பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டேன். பார்வை போய் நிற்க ஒரு இடம் வேண்டும், சட்டத்தின் ஓரத்தில் முட்டக் கூடாது.

"ஊசி போட்ட கைய மறச்சிரவாக்கா? மேல் பாதி மட்டும் எடுக்கட்டுமா?"

"கைய விட்ராத. வர்றதோட வரட்டும்."

மடியில் இரண்டு கையும் தெரியும்படி வைத்தேன். அழுத்தப் போனேன்.

"இரு" என்றாள். "தனியா எடுக்காத."

தேவி வாசலில் நின்றவள் சொன்னாள், "அம்மா, ஒன்னு தனியா எடுத்துக்குவோம். அப்புறம் எல்லாரோடயும் எடுக்கலாம்."

"தனியா ஒன்னு இருந்தா அதத்தான் மாட்டுவீங்க. எனக்குத் தெரியாதா? அந்தோணி, நீ வந்து என் தோளுல கை வை. அப்பா தோளுல நான் வச்ச மாதிரி. அதுக்கப்புறம் வெட்டாம எடு. முடியும்னா எடு, முடியாதுன்னா கேமராவ மூட்டை கட்டு."

தானாக எடுக்கும்படி கேமராவில் பத்து நொடி வைத்தேன். முதல் தடவை ஓடிவந்து தண்ணீர் வாளியில் கால் மாட்டியது. அந்தப் படத்தில் அக்கா இருக்கிறாள், நான் வெறும் முதுகு. இரண்டாவதில் என் கை அசைந்து புகையாக விழுந்தது. மூன்றாவதில் அவள் திரும்பி, "வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேட்டி பிடித்த மச்சான் சிரித்துத் துணி ஆடிவிட்டது.

நான்காவது தடவை அவள் பின்னால் போய் நின்று, வலது தோளில் கை வைத்தேன். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. வெளிச்சம் முழுவதும் அவள் மேல் விழ, என் முகம் பாதி நிழலில் நின்றது. கேமராவின் சிவப்பு விளக்கு வேகமாக மின்னத் தொடங்கிய நேரத்தில், அக்கா இடது கையைத் தூக்கி, என் கை மேல் வைத்தாள். ஊசி போட்ட அந்தக் கை. சத்தம் கேட்டது. யாரும் தட்டைத் தூக்கவில்லை.

8.10. கேமராவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மூஞ்சி இருக்கு" என்றாள்.

11.00. மறுபடி வாடகைக் கார், இந்தத் தடவை இருபத்தைந்து வெள்ளி. புறப்படும்போது அக்கா வாசல் வரை வந்தாள். முறுக்கு டின்னைக் கையில் கொடுத்து, "கால் வலி சரியாச்சுன்னா வரேன்" என்றாள். அந்தக் கிறிஸ்மசுக்கு வந்தாள். கூடத்தில் அப்பா படத்தின் முன் நின்றாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, அது யார் விரல், யார் வெட்டியது என்று நானே சொன்னேன். என் மகன் அத்தையின் கையைப் பிடித்துப் படத்து விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "மோதிர வெரல் வளைவு அப்படியே இருக்கு அத்தே" என்றான். அவள் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

படம் எடுத்துப் பதினான்கு மாதத்தில் அக்கா இறந்தாள். நானும் மனைவியும் அதே ரயிலில், அதே பாதையில் போனோம். ஜெராய் மலை அன்றைக்கு மேகமில்லாமல் நின்றது. அந்தப் படத்தைத் தேவி சுங்கை பட்டாணியில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். மாலை போடும் நேரத்தில் மச்சானின் பெரியப்பா மகன் தடுத்தார்.

"உசுரோட இருக்கிறவரு மூஞ்சிக்கு மாலை போடக் கூடாதுப்பா. அவருக்கு ஆகாது. டவுன்ல குடுத்தா அஞ்சு நிமிசத்துல அவர எடுத்துட்டு அம்மாவ மட்டும் போட்டுத் தருவான். நான் போய்ட்டு வரேன்."

கூட்டத்தில் பலரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் சொன்னது அன்பினால்தான். என் மனைவி என் சட்டையைப் பிடித்து, "என் தாலிய நெனச்சுப் பாருங்க" என்று அழுதாள். தேவி என்னைப் பார்த்தாள். மச்சான் சொன்னார், "மச்சான், உங்க உசுரு. நீங்கதான் சொல்லணும்."

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சவம் கிடக்கும் வீட்டில், மாலைக்கு அடியில் தன் முகத்தைப் பார்க்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அவள் கேட்ட ஒரே காரியம் அது. என் நாட்களை எண்ணுகிறவர் ஆண்டவர், மாலை கட்டுகிறவர் அல்ல. "அப்படியே போடுங்க" என்றேன். யாரும் கை நீட்டவில்லை. அதனால் நானே மாலையை வாங்கிப் போட்டேன். மாலை அவள் நெற்றியைத் தாண்டி, அவள் தோளில் இருந்த என் கையை மூடாமல், என் முகத்துக்கும் சேர்த்துச் சுற்றி விழுந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு மாதாவை நோக்கிக் கிருபை தயாபத்து மந்திரம் சொன்னாள்.

பெட்டி கிளம்பியபோது, வாழ்நாளில் இரண்டாவது தடவையாக ஒரு படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ரோட்டுக்கு அந்தாண்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அங்கே ஒருவரும் தனியாக நிற்கவில்லை.

அந்தப் படம் செமிலிங் வீட்டில், பலகைச் சுவரில் இன்றும் இருக்கிறது. தேவி வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கிறாள், எனக்கும் சேர்த்து. தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் மச்சான், "வாங்க, உங்களுக்கும் படையல் போட்டாச்சு" என்று சொல்லிக் காப்பி கொடுப்பார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகிற நாளில் ஆகும்.

பங்கில் இப்போதும் படம் எடுக்கிறேன். யாரையாவது நிறுத்தினால் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அவர்களை அதற்குப் பக்கவாட்டில் திருப்புகிறேன். பிறகு நான்கு ஓரத்தையும் பார்க்கிறேன், யாருடைய கை உள்ளே இருக்கிறது, யாருடைய முகம் வெளியே நிற்கிறது என்று. வெளியே நிற்பவரைக் கூப்பிட்டு உள்ளே வைத்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.

இதை வாசித்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுதல். வெளிச்சம், நிழல், வேட்டி இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நீளம் என்று சொல்லி மற்றதை விட்டுவிடலாம் என்று தோன்றும். என் மேல் உள்ள மரியாதைக்காக அந்தக் கத்தரிக்கோலையும் அடுப்பையும் எடுத்துவிடலாம் என்றும் சிலருக்குத் தோன்றும். வேண்டாம். நான் எழுதியது எழுதியபடி முழுவதும் போகட்டும். எங்கள் அக்காவை ஒரு தடவை வெட்டியாயிற்று.